சிம் போடும் இடமே இல்லாத போனும் இ-சிம்மும்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன், தான் வைத்திருந்த ஐபோனை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவன் விமானம் ஏறிய மறுநாள் காலையிலேயே அத்தை என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா தம்பி, இதுல சிம் போடுற ஓட்டையே இல்லையே. உடைஞ்ச போனைக் குடுத்துட்டுப் போயிட்டானா?"

போன் நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில், 2022-இல் வந்த 14-ஆம் மாடல் தொடங்கி, சிம் ட்ரே கிடையாது. அதே 14-ஐ இந்தியாவில் வாங்கினால் ட்ரே இருக்கும். 2025-இல் வந்த ஐபோன் ஏர் இந்தியாவிலும் ட்ரே இல்லாமலே விற்கிறது. இப்படிப்பட்ட போனில் நம்மூர் நம்பர் வேலை செய்ய வேண்டுமென்றால் இ-சிம் ஒன்றுதான் வழி. அத்தைக்கு அதைப் போட்டுக் கொடுக்க ஒரு சாயங்காலமும் மறுநாளில் பாதியும் போயிற்று. வேலை உண்மையில் அரை மணி நேர வேலைதான். மீதி நேரமெல்லாம் நான் யோசிக்காமல் இறங்கியதற்குக் கொடுத்த விலை.

இ-சிம் புரிய வேண்டுமென்றால், இத்தனை வருஷமாகப் போனுக்குள் செருகிக்கொண்டிருக்கும் அந்த அட்டை என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அட்டைக்குள் இருப்பது என்ன?

சிம் கார்டில் தங்க நிறத்தில் மின்னுகிறதே, அதற்கு அடியில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெறும் பிடி. அந்தச் சிப்புக்குள் முக்கியமாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சந்தாதாரர் எண். அதிகபட்சம் 15 இலக்கம். இந்திய சிம்களில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். மற்றொன்று, ஒரு ரகசியச் சாவி, 128 பிட் நீளம். போனை ஆன் செய்ததும் நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி, "இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டு" என்று கேட்கும். சிப் தன் ரகசியச் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். கம்பெனியிடமும் அதே சாவியின் நகல் இருப்பதால் அங்கேயும் அந்தக் கணக்கு நடக்கும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் சிக்னல் வரும். சாவி மட்டும் சிப்பை விட்டு வெளியே வராது.

இதில் நம் பத்து இலக்க போன் நம்பர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் "சிம்முல" என்பார்கள். அது இருப்பது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில். இன்ன போன் நம்பர், இன்ன சந்தாதாரர் எண் கொண்ட சிம்முக்கு உரியது என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்கும். சிம் தொலைந்து, கடையில் புது அட்டை வாங்கினாலும் பழைய நம்பரே கிடைக்கிறதே, அது இதனால்தான். புது அட்டையில் புது சந்தாதாரர் எண், புதுச் சாவி. புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்துகிறார்கள். திருத்திய நொடியிலேயே பழைய அட்டை செத்துவிடும்.

இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இ-சிம் மாற்றும்போது ஏன் பழைய சிம் நின்றுபோகிறது, ஏன் ஒரு நாள் ஓடிபி வருவதில்லை, திருடர்களுக்கு ஏன் இதன்மேல் இவ்வளவு ஆசை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

பிளாஸ்டிக் தேய்ந்த கதை

முதல் சிம் கார்டு 1991-இல் வந்தது. ஜெர்மனியின் முனிக் நகரிலுள்ள கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம், ரேடியோலின்யா என்ற ஃபின்லாந்து செல்போன் நிறுவனத்துக்காகச் செய்தது. அப்போது அது ஏடிஎம் கார்டு அளவு இருந்தது. பிறகு நகத்தளவு, அப்புறம் மைக்ரோ, 2012-இல் நானோ என்று சுருங்கிக்கொண்டே வந்தது. நானோ சிம் 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். நடுவில் ஒரு காலம் இருந்தது, நினைவிருக்கிறதா? புது போன் வாங்கியதும் மொபைல் கடைக்குப் போய், ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கட்டரில் பெரிய சிம்மை வைத்து 'டக்' என்று வெட்டிக்கொண்டு வருவோம். ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டது பிளாஸ்டிக்தான். சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இ-சிம்மில் பிளாஸ்டிக்கே இல்லை. அந்தச் சிப்பை போனின் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். ஆனால் அந்தச் சிப் ஜியோவுக்கும் சொந்தமில்லை, ஏர்டெல்லுக்கும் சொந்தமில்லை. தொழிற்சாலையிலிருந்து காலியாக வருகிறது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, பழைய சிம் அந்த மாதிரி. ஒரு கம்பெனியின் பெயரை வெட்டினால் வெட்டியதுதான். இ-சிம் சிலேட்டுப் பலகை. எந்தக் கம்பெனியின் விவரத்தையும் எழுதலாம், அழிக்கலாம், வேறு எழுதலாம். எழுதப்படும் அந்த விவரத் தொகுப்புக்குப் புரொஃபைல் என்று பெயர். சந்தாதாரர் எண், ரகசியச் சாவி எல்லாம் அதற்குள் பூட்டப்பட்டு இணையம் வழியாக வந்து இறங்கும். ஒரே சிப்பில் பல புரொஃபைல்களை வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் எட்டு அல்லது அதற்கு மேலும் வைக்கலாம் என்கிறது ஆப்பிள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுதான் உயிரோடு இருக்கும்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு சிப்புக்கும் 32 இலக்கத்தில் தனி எண் உண்டு. அதன் பெயர் இஐடி. கம்பெனி உங்கள் புரொஃபைலை இந்த எண்ணுள்ள சிப்புக்கென்றே பூட்டி அனுப்புகிறது. ஆகவே வழியில் யாராவது பிடித்தாலும் வேறு சிப்பில் அது திறக்காது.

செல்போன் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ, போன் போன்ற கருவிகளுக்கான இ-சிம் விதிமுறைகளை 2016-இல் வெளியிட்டது. அடுத்த வருஷமே கூகுள் பிக்சல் 2 இ-சிம்மோடு வந்தது. 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வந்தன. இந்தியாவில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததே அந்த ஐபோன்களுக்குப் பிறகுதான்.

உங்கள் போனில் இருக்கிறதா?

டயல் பேடில் *#06# என்று அடியுங்கள். கால் பொத்தானை அழுத்தவேண்டிய அவசியம் இல்லை, தானாகவே ஒரு திரை வரும். அதில் ஐஎம்இஐ என்கிற, போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணோடு 32 இலக்க இஐடியும் தெரிந்தால் உங்கள் போனில் இ-சிம் சிப் இருக்கிறது. இஐடி இல்லையென்றால் பெரும்பாலும் இல்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிற ஆண்ட்ராய்டு போன்களில் இதை எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி வந்த ஐபோன்கள், சாம்சங்கின் விலை கூடிய கேலக்ஸி மாடல்கள், பிக்சல் போன்கள் ஆகியவற்றில் இருக்கும். சீனாவில் வாங்கிய ஐபோன் என்றால் மட்டும் உஷார். அங்கே பல வருஷமாக இ-சிம் இல்லாமல் இரண்டு அட்டை போடும் வகையில்தான் விற்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த போனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அமெரிக்காவில் மாதத் தவணையில் வாங்கும் போன்களை அந்த ஊர் நெட்வொர்க் நிறுவனம் தன்னோடு பூட்டி வைத்திருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே பாருங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் இங்கே எந்தக் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே இருப்பவர்தான் தவணையை முடித்துத் திறக்கச் சொல்ல வேண்டும். அத்தை மகன் நல்லவேளை மொத்தப் பணமும் கட்டி வாங்கியிருந்தான்.

ஆரம்பிக்கும் முன்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். ராகு காலம் பார்க்கச் சொல்லவில்லை. தொலைத்தொடர்புத் துறை 2022-இல் சொன்ன விதிப்படி, சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வராது, போகாது. அட்டையிலிருந்து இ-சிம்முக்குப் போவதும் சிம் மாற்றம்தான். பேச்சும் இணையமும் ஓடும். ஓடிபி மட்டும் வராது. திருடன் ஒருவன் உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் அவனுக்கும் அந்த ஒரு நாள் ஓடிபி கிடைக்காது, அதற்குள் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு தட்கல் டிக்கெட் போட வேண்டியவர் இன்று சாயங்காலம் இ-சிம்முக்கு மாறினால் கதை கந்தல். கல்லூரி ஃபீஸ் கட்டக் கடைசி நாள், வங்கியில் பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாள் எல்லாம் அப்படித்தான்.

யுபிஐ செயலிகளுக்கும் இது பொருந்தும். கூகுள் பே, போன்பே போன்றவை உங்கள் நம்பரை உறுதிசெய்யப் போனிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். புது போன், புது சிம் என்றால் மறுபடி பதிவு செய்யச் சொல்லும். எஸ்எம்எஸ் போகாத 24 மணி நேரத்தில் அந்தப் பதிவு நடக்காது. அத்தை மறுநாள் காய்கறி வண்டிக்காரரிடம் போனை நீட்டிவிட்டு நின்ற காட்சியை இப்போதும் சொல்லிக் காட்டுவார். கையில் கொஞ்சம் ரொக்கம் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது உத்தமம்.

அடுத்து மின்னஞ்சல். பல கம்பெனிகள் கியூஆர் கோடை மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புகின்றன. கம்பெனியிடம் பதிவாகியிருக்கும் முகவரி உங்களுடையதா, அதைத் திறக்க உங்களால் முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். அத்தையின் பெயரில் பதிவாகியிருந்தது, பல வருஷத்துக்கு முன் ரீசார்ஜ் கடைப் பையன் யாரோ உருவாக்கிய முகவரி. பாஸ்வேர்டு அந்தக் கடையோடு போய்விட்டது. புது முகவரி பதிவு செய்து, அது ஏறும்வரை காத்திருந்ததிலேயே சாயங்காலம் கழிந்தது. இன்னொரு நுணுக்கம்: மின்னஞ்சலைத் திறக்கவே அதே போன் நம்பருக்கு ஓடிபி போகும்படி வைத்திருந்தால், அந்த நம்பர் செத்திருக்கும் நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. முதலிலேயே லாகின் செய்து வைத்துவிடுங்கள்.

வைஃபை கட்டாயம் வேண்டும். புது போனில் இன்னும் சிம்மே இல்லை, டேட்டா எங்கிருந்து வரும்? வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் இன்னொருவர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். அது உங்கள் பழைய சிம் உள்ள போனாக இருக்கக் கூடாது. பாதி வழியில் அது நின்றுவிடும்.

கம்பெனியிடம் கேட்பது

கேட்கும் செய்தி எப்போதும் பழைய சிம் உள்ள போனிலிருந்தே போக வேண்டும். நீங்கள்தான் அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. நம்பரும் பிளானும் மாறாது, மீதியிருக்கும் நாட்களும் அப்படியே இருக்கும்.

ஏர்டெல் என்றால், ஆங்கிலத்தில் இசிம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பதிவான மின்னஞ்சல் முகவரியை எழுதி 121-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். உறுதிசெய்யச் சொல்லிப் பதில் வரும். 60 வினாடிக்குள் 1 என்று திருப்பி அனுப்ப வேண்டும். அறுபது வினாடி என்பது கண்ணாடி தேடி எடுப்பவர்களுக்குப் போதாது, போனைக் கையிலேயே வைத்திருங்கள். பிறகு சம்மதம் கேட்டு ஒரு போன் வரும். அதற்கும் சரி சொன்னால் கியூஆர் கோடு மின்னஞ்சலில் வந்துவிடும். வி என்கிற வோடஃபோன் ஐடியா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய இதே வழிதான். அனுப்ப வேண்டிய எண் 199, உறுதிசெய்ய 15 நிமிடம் தருகிறார்கள்.

ஜியோவில் வழி கொஞ்சம் வேறு. கெட், இசிம் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி எழுதி, இடைவெளி விட்டுப் புது போனின் 32 இலக்க இஐடி, மறுபடி இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ என்று 199-க்கு அனுப்ப வேண்டும். மொத்தம் 47 இலக்கம். ஒன்று தவறினாலும் நடக்காது. இஐடியை நீளமாக அழுத்தி நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் பழைய போனுக்கு அனுப்பி, அங்கே ஒட்டிக்கொள்வது நல்லது. பதிலுக்கு 19 இலக்க இ-சிம் எண்ணும் அமைப்பு விவரங்களும் வரும். அதன்பின் சிம் மாற்றம் கோரி அந்த 19 இலக்க எண்ணோடு இன்னோர் எஸ்எம்எஸ். கொஞ்ச நேரம் கழித்து உறுதிசெய்யும் செய்தி. கடைசியாக ஒரு தானியங்கி அழைப்பு, அதில் அதே 19 இலக்கத்தைக் கேட்பார்கள். காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்என்எல் 2025-இல் தமிழ்நாட்டில் இ-சிம்மைத் தொடங்கி, அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் கொண்டுபோயிற்று. அதற்குப் பக்கத்து வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு அடையாள அட்டையோடு போவதே சுலபம்.

எஸ்எம்எஸ் எல்லாம் தலைவலி என்பவர்கள் எந்தக் கம்பெனியானாலும் அதன் சொந்தக் கடைக்கு ஆதாரோடு போகலாம். அவர்களே கோரிக்கையைப் போட்டுக் கொடுப்பார்கள். வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

போனில் ஏற்றுவது

கியூஆர் கோடு வந்துவிட்டது. அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது ஒன்றும் மர்மமில்லை. புரொஃபைல் இருக்கும் சர்வரின் முகவரி ஒன்று, உங்களுக்கான ரகசியக் குறியீடு ஒன்று, அவ்வளவுதான். சலவைக்கடை டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். டோக்கனைக் காட்டினால் உள்ளேயிருந்து உங்கள் சட்டையை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மொபைல் சர்வீஸ் என்ற பகுதிக்குப் போனால் இ-சிம் சேர்க்கும் பொத்தான் இருக்கும். பழைய ஐஓஎஸ் என்றால் மொபைல் டேட்டா என்று பெயர் போட்டிருக்கும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், அதற்குள் சிம் மேனேஜர். பிக்சலில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் சிம்ஸ். மற்ற போன்களில் செட்டிங்ஸின் மேலே தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் இசிம் என்று அடித்தால் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கேமரா திறக்கும், கோடைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் ஒரு கணம் திகைப்பார்கள். மின்னஞ்சல் வந்திருப்பதும் இதே போனில், ஸ்கேன் செய்ய வேண்டியதும் இதே போன். தன் முதுகைத் தானே பார்ப்பது எப்படி? மின்னஞ்சலை லேப்டாப்பிலோ இன்னொருவர் போனிலோ திறந்து காட்டுவது சுலபமான வழி. ஐஓஎஸ் 17.4 முதல் ஐபோனில் அந்தக் கியூஆர் படத்தின்மேல் நீளமாக அழுத்தினாலே இ-சிம் சேர்க்கட்டுமா என்று கேட்கும். எதுவும் சரிப்படவில்லை என்றால் கையால் விவரம் தரும் வழியைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலில் உள்ள சர்வர் முகவரியையும் குறியீட்டையும் அடிக்கலாம். படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டு "யாராவது ஸ்கேன் பண்ணிக் காட்டுங்க" என்று கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். அது உங்கள் டோக்கன், யார் காட்டினாலும் சட்டை அவர்களுக்குப் போய்விடும்.

புரொஃபைல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் உடனே சிக்னல் கோடுகள் வராது. நான் சொன்ன அந்த ஒரு வரியைக் கம்பெனி இன்னும் திருத்தவில்லை. சில நேரம் ஐந்து நிமிடம், சில நேரம் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை பழைய அட்டையைப் பழைய போனிலேயே விட்டுவையுங்கள். அங்கே சிக்னல் போகும். கொஞ்சத்தில் இங்கே வரும். வராவிட்டால் ஃப்ளைட் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள், போனை அணைத்துப் போடுங்கள். பேச்சு வருகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால், கம்பெனியின் இணையத்துக்குப் போகும் வழியைப் போனுக்குச் சொல்கிற ஏபிஎன் என்ற அமைப்பைப் பாருங்கள். முன்பு வேறு கம்பெனிக்கு வைத்தது அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தக் காத்திருப்பில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. சிக்னல் வரவில்லையே என்ற பதற்றத்தில் புரொஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று தோன்றும். கியூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு முறைக்குத்தான். அழித்துவிட்டால் மறுபடி கம்பெனியிடம் போய் நிற்க வேண்டும். நான் அழித்தேன். பழைய சிம்மும் அதற்குள் செத்திருந்தது. மறுநாள் பாதி எங்கே போனது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஏற்றிய பிறகு

போனில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்து, இ-சிம் இரண்டாவதாக வந்தால், எதில் டேட்டா, எதில் பேச்சு என்று போன் கேட்கும். பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மற்றபடி இது பழைய இரட்டை சிம் போன் மாதிரியேதான்.

இ-சிம்மில் 'ஆஃப்' வேறு, 'டெலீட்' வேறு. ஆஃப் செய்தால் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்த மாதிரி. எப்போது வேண்டுமானாலும் ஆன் செய்யலாம். டெலீட் செய்தால் அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்ட மாதிரி. போனை ரீசெட் செய்யும்போது இ-சிம்களையும் அழிக்கட்டுமா என்று தனியாகக் கேட்கும். நீங்களே தொடர்ந்து வைத்துக்கொள்ளப் போகிற போன் என்றால் அழிக்க வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால், புது போனுக்கு நம்பரை மாற்றிய பிறகு அவசியம் அழிக்க வேண்டும்.

திருட்டு என்று வந்தால் இ-சிம் நமக்குச் சாதகம். போனைப் பறித்தவன் முதலில் செய்கிற வேலை சிம்மைக் கழற்றி எறிவது. இதில் கழற்ற ஒன்றுமில்லை, அவன் போனை அணைக்கும்வரை அது இருக்குமிடத்தைத் தேடிப் பார்க்கலாம். போன் உடைந்தால் நிலைமை தலைகீழ். அட்டையாக இருந்தால் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டு அடுத்த நிமிடம் பேசியிருப்போம். இ-சிம் உடைந்த போனுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இன்னொரு இ-சிம் போனைத் தேடி, ஆதாரோடு கடைக்குப் போய், புது கோடு வாங்கி, மறுபடி 24 மணி நேரம் ஓடிபி இல்லாமல் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில்தான் இது தன் அருமையைக் காட்டும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர் ஊரிலேயே வைஃபையில் அந்த நாட்டு டேட்டா இ-சிம்மை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். இறங்கியதும் ஆன் செய்தால் போதும். நம்மூர் சிம் கழற்றப்படாமல் உள்ளேயே இருக்கும். இந்த வகை பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், போன் நம்பர் தராது. நம்மூர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்க மறந்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

கூப்பிட்டு உதவ வருகிறவர்கள்

"சார், உங்க சிம் இன்னிக்கு ராத்திரியோட கட் ஆகுது, இ-சிம்முக்கு மாத்தித் தர்றோம்" என்று ஓர் அழைப்பு வரும். கஸ்டமர் கேர் என்பார்கள், தமிழிலேயே பேசுவார்கள். ஒரு செய்தியை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பி, "இதை அப்படியே இன்ன எண்ணுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க" என்பார்கள். அந்தச் செய்திக்குள் 32 இலக்க எண் ஒன்று இருக்கும். அது அவன் போனின் இஐடி. அல்லது ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அது அவனுடையது. நீங்கள் உங்கள் சிம்மிலிருந்தே அனுப்பி, வந்த உறுதிப்படுத்தலுக்கும் 1 அடித்துவிட்டால், கணக்குப் புத்தகத்தின் அந்த வரி அவன் சிப்புக்குப் போய்விடும். உங்கள் போனில் சிக்னல் போகும். ஒரு நாள் கழித்து ஓடிபி எல்லாம் அவன் கைக்கு வரத் தொடங்கும்.

இ-சிம் கோரிக்கையை நீங்களாகத் தொடங்காதபோது அதைப் பற்றி வரும் எந்த அழைப்புக்கும், எந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் பதில் தராதீர்கள். காரணமே இல்லாமல் சிக்னல் போய், போனை அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால் "டவர் பிரச்சினையா இருக்கும்" என்று சும்மா இருக்க வேண்டாம். வேறொரு போனிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டு சிம் மாற்றம் ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால் உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். அந்த 24 மணி நேரம் உங்களுக்காகக் கிடைத்த நேரம்தான்.

அத்தையின் போன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பார்த்துவிட்டு அப்பாவும் தன் நம்பரை மாற்றித் தரச் சொன்னார். அவர் போனில் இஐடி இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஆனாலும் நான் மாற்றவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனைக் கீழே போட்டு டிஸ்ப்ளே மாற்றக் கொடுப்பவர் அவர். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சிம்மைக் கழற்றி, அலமாரியில் இருக்கும் பழைய நோக்கியாவில் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலமே எல்லோரையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்.